நெட்டையண்ணன் பார்த்த ஆறு

அந்தக் கட்டிடக்கலை அலுவலகத்தில் சம்பளம் வாங்காமல் உழைத்த ஒரே ஆள் நெட்டையண்ணன்தான். லீவு கேட்டதில்லை, டீ கேட்டதில்லை, யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை. காரணம், அவர் வெறும் படம். கட்டிடத்தைக் குறுக்கே வெட்டியது போல் காட்டும் வரைபடங்களில், அறை எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டுமே, அதற்காக ஒரு மனித உருவத்தை ஒட்டுவார்கள். என்றோ யாரோ கணினியில் வரைந்து வைத்த உருவம் அது. நல்ல உயரம், ஒடிசலான உடம்பு, இரண்டு கையும் பக்கத்தில் தொங்கும், மூக்கும் முழியும் கிடையாது. பள்ளிக்கூடம் கட்டினாலும் அவர் நிற்பார், ஆஸ்பத்திரி கட்டினாலும் அவர் நிற்பார். குளியலறையில்கூட விறைப்பாக நின்றுகொண்டிருப்பார். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாகவும் யாரும் நினைக்கவில்லை.

நினைத்திருக்க வேண்டியவள் சின்னவள். அலுவலகத்தில் அவளை மேடம் என்றார்கள், வீட்டுக்காரர் செல்லப் பெயர் ஏதோ வைத்திருந்தார், 'சின்னவளே' என்று கூப்பிடும் உரிமை உலகத்திலேயே அவளுடைய அக்கா ஒருத்திக்குத்தான். ஆனால் இது அந்த அக்காவுக்காக அவள் பட்ட பாட்டைச் சொல்லும் கதை. அதனால் நாமும் அப்படியே கூப்பிட்டுவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஆற்றங்கரையில் எழுந்த அந்த அடுக்குமாடிக் கட்டிடம் சின்னவள் தலைமையில் வரைந்தது. ஆற்றுக்கு முகத்தையும் ஊருக்கு முதுகையும் காட்டி நிற்கும். லிஃப்ட், படிக்கட்டு, சமையலறை எல்லாம் ஊர்ப் பக்கம். படுக்கையறைகள் எல்லாம் ஆற்றுப் பக்கம். ஓரத்து வீட்டுக்காரர்கள் எங்களுக்கு ஆறு தெரியவில்லையே என்று மூக்கைச் சிந்தக் கூடாது என்பதற்காக, கையில் விரித்துப் பிடித்த சீட்டுக்கட்டு மாதிரி சுவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியிருந்தாள். ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒரு பால்கனி. அதற்கு மெல்லிய இரும்புக் கம்பிகள்தான் முதலில் வரைந்தது. கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் மினுங்கும் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள்.

அதில் கை வைத்தவர் கட்டிடப் பொறியாளர். எதைக் காட்டினாலும் "இன்னும் நாலு கம்பி சேத்துப் போடுங்க" என்பதால் அவருக்குக் கம்பிக்காரர் என்றே பெயர். அப்பேர்ப்பட்ட கம்பிக்காரர் இந்த ஓர் இடத்தில் மட்டும் கம்பி வேண்டாம் என்று அடம்பிடித்தார்.

"மேல போகப் போக ஆத்துக்காத்து பேயா அடிக்கும், மேடம். கம்பி வச்சா நாள் முழுக்க ஊளையிடும். குடியிருக்கிறவங்க உங்களைத்தான் திட்டுவாங்க. நெஞ்சு உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பிடலாம்."

சின்னவள் சண்டை போட்டாள், கோபித்துக்கொண்டு ஒரு நாள் அவர் போனை எடுக்காமல் இருந்தாள், கடைசியில் ஒத்துக்கொண்டாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சுவரை வரைந்தாள். அறைக்குள் நெட்டையண்ணனை நிற்க வைத்தாள். அவர் கண் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சுவருக்கு மேலாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். கோடு நேராகப் போய் ஆற்றில் விழுந்தது. அப்பாடா, ஆறு தப்பித்தது என்று அலுவலகமே நிம்மதியாக டீ குடித்தது.

இனி அக்காவுக்கு வருவோம். அக்கா அந்த ஆற்றில் கரைக்குக் கரை ஆட்களை ஏற்றிப்போகும் விசைப்படகை ஓட்டியவள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் படகை ஓட்டித்தான் தங்கையைப் படிக்க வைத்தாள். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தவர்களை நடு ஆற்றில் இறக்கிவிட்டுவிடுவதாக மிரட்டினாள். குரல் அப்படி. இன்ஜின் சத்தத்தை மீறிக் கத்திப் பழகியதால், வீட்டில் உப்பு கேட்டாலும் தெருவுக்கே கேட்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், படகுத்துறைப் பலகையில் கால் வழுக்கி, துறைக்கும் படகுக்கும் நடுவே விழுந்துவிட்டாள். இழுத்துப் போட்டபோது இடுப்பும் தொடையும் உடைந்திருந்தன. ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ஆத்துக்கு என் மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. கட்டிப் பிடிச்சுப் பாத்துச்சு, நம்ம எடைக்குத் தாங்கல, விட்டுடுச்சு" என்று சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பினாள். சின்னவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு வராந்தாவில் போய் அழுதாள்.

வீடு திரும்பிய பிறகுதான் வினை. அக்காவின் பழைய வீடு மாடியில், ஏணிக்குத் தங்கை போலச் செங்குத்தான குறுகல் படி. டாக்டரிடம் போக வேண்டுமென்றால் இரண்டு ஆட்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஊரையே ஏற்றி இறக்கியவளை மூட்டை மாதிரி ஏற்றி இறக்கினார்கள். அந்த நேரமெல்லாம் அவள் வாயே திறப்பதில்லை. அதுதான் சின்னவளுக்குத் தாங்கவில்லை. புதுக் கட்டிடத்தில் தானும் வீட்டுக்காரரும் வாங்கியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டை அக்காவுக்கு எடுத்துக்கொடுக்க முடிவு செய்தாள். அக்கா முடியவே முடியாது என்றாள்.

"அவ்வளவு உசரத்துல காக்காகூட இருக்காது. நான் என்ன பண்ணப் போறேன் அங்க?"

சின்னவள் வரைபடத்தை எடுத்துப் போய் அக்கா மடியில் விரித்தாள். "இங்க பாருக்கா, இது உன் ரூம். இந்தச் சிவப்புக் கோடு தெரியுதா? நீ படுத்த இடத்துல இருந்தே ஆறு தெரியும். காலையில கண்ணு முழிச்சா முதல்ல உன் ஆறுதான். சத்தியமாச் சொல்றேன்."

அக்கா வரைபடத்தைப் பார்த்தாள். அதைவிட அதிக நேரம் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள். ஒற்றை வார்த்தை. ஆறு வென்றுவிட்டது என்று சின்னவள் குதூகலமாகப் படியிறங்கிப் போனாள்.

பழைய வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது, அங்கே வேறு குடும்பம் வரத் தயாராகிவிட்டது. குடிபோக ஒரு வாரம்கூட இல்லாத ஒரு நாள், சின்னவள் அக்காவின் புது அறையை மேற்பார்வை பார்க்கப் போனாள். பிளக் பாயிண்ட் எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தன. கதவுகள் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும் அகலம். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகள். கைப்பிடி வைத்த கட்டிலும் வந்து, பால்கனியைப் பார்க்கப் போட்டாகிவிட்டது. காலையிலிருந்து நின்ற கால் வலியில் சின்னவள் அதில் 'அம்மாடி' என்று சாய்ந்தாள்.

சாய்ந்தவள் பால்கனியைப் பார்த்தாள். சுவர் தெரிந்தது. சுவருக்கு மேலே வானம் தெரிந்தது. அவ்வளவுதான்.

தலையணை இல்லாததால் இருக்கும் என்று கைப்பையைத் தலைக்கு வைத்தாள். சுவர், வானம். எழுந்து உட்கார்ந்தாள். சுவர் கொஞ்சம் இறங்கியது, வானம் கொஞ்சம் கூடியது. எழுந்து நின்றாள். அகலமாக, வெயிலில் பளபளவென்று, ஆறு! மறுபடி படுத்தாள். ஆற்றைக் காணோம். வெளியே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, மேடத்துக்கு என்ன ஆயிற்று, ஏன் இப்படிக் குதித்துக் குதித்துப் படுக்கிறார் என்று திகைத்து நின்றார்.

சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சிவப்புக் கோடு அக்கா கண்ணிலிருந்து கிளம்பவில்லை. நெட்டையண்ணன் கண்ணிலிருந்து கிளம்பியது. அந்த மனுஷர் ஜென்மத்தில் படுத்ததில்லை. இத்தனை வருஷம் படித்து, இத்தனை கட்டிடம் கட்டி, ஒரு பிளக் பாயிண்டின் உயரத்துக்குக்கூட அக்காவின் கையை நினைத்துப் பார்த்தவள், கண்ணை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

இதில் இன்னொரு சங்கடம், அக்காவின் குணம். அவள் அடியை மறப்பாள், பசியை மறப்பாள், பொய்யை மறக்க மாட்டாள். இன்ஜினைப் பழுது பார்க்காமலே பார்த்துவிட்டேன் என்று சொன்ன மெக்கானிக்கோடு வருஷக்கணக்கில் பேசவில்லை. அவன் எதிரே வந்தால், அவனுக்குப் பின்னால் இருக்கும் மரத்தைப் பார்த்துக்கொண்டு போவாள். நாளை தன்னையும் அப்படிப் பார்த்தால்? பழைய வீட்டையும் பிடுங்கிக்கொண்டு, சத்தியமும் செய்து, இப்படி ஒரு சுவரைக் காட்டினால், அக்காவுக்கு இந்த உலகத்தில் நம்ப வேறு யார் இருக்கிறார்கள்?

முதலில் கம்பிக்காரரிடம் ஓடினாள். அந்த ஒரு பால்கனியில் மட்டும் சுவரைக் கொஞ்சம் வெட்டிக் கம்பி வைக்க முடியுமா?

"தாராளமா வெட்டலாம், மேடம்" என்றார் கம்பிக்காரர். "அதுக்கு முன்னாடி என் கையை வெட்டிடுங்க. அந்தச் சுவருக்குக் கையெழுத்துப் போட்ட கை இது."

அடுத்து பிசியோவிடம் போனாள். அக்காவுக்கு எழுந்து நிற்கப் பயிற்சி கொடுக்க வரும் பெண் அவள். வாய் நிறையச் சிரிப்பாள், ஆனால் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டாள். கட்டிலுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினால் என்ன?

"கட்டிலும் சக்கர நாற்காலியும் ஒரே மட்டத்துல இருக்கணும். அப்பதான் அவங்களா மாறி உட்கார முடியும். நீங்க உசத்திட்டா, ஆளை மறுபடி தூக்கித்தான் இறக்கணும். அது வேணுமா?"

வேண்டாம். அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அக்காவுக்குப் போன் செய்தாள். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று அவள் தடுமாறிக்கொண்டிருந்தபோதே அக்கா முந்திக்கொண்டாள்.

"ஏய், அந்த ரூமுக்குத் திரை போடுவியா?"

"போடுறேன்க்கா. எந்தக் கலர்?"

"கலர் கிடக்கட்டும். கெட்டியா இருக்குமா?"

வெயிலுக்குக் கேட்கிறாள் என்று சின்னவள் நினைத்தாள். கெட்டியாகவே போடுவதாகச் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து அக்கா, "தண்ணி சத்தம் அங்க வரைக்கும் கேக்குமா?" என்றாள். கேட்காதே என்று சின்னவள் சொல்ல, "ஓ" என்று போனை வைத்துவிட்டாள். பாவம், சத்தமாவது கேட்காதா என்று ஏங்குகிறாள்! சொல்ல வந்ததைச் சின்னவள் சொல்லவே இல்லை.

வழி கண்டுபிடித்தவர் வீட்டுக்காரர். அவர் பல் டாக்டர். பிறர் வாய்க்குள்ளேயே வாழ்க்கை நடத்துகிறவர் என்பதால் சொந்த வாயை அதிகம் திறக்க மாட்டார். அன்று திறந்தார்.

"கடைவாய்ப் பல்லோட பின்பக்கம் எனக்கு நேரா தெரியவா செய்யுது? சின்னதா ஒரு கண்ணாடியை உள்ள விட்டுப் பாக்கிறேன். பால்கனிக் கூரையில ஒரு கண்ணாடி மாட்டு. படுத்துட்டு மேல பாத்தா, சுவத்துக்கு அந்தப் பக்கம் தெரிஞ்சிட்டுப் போகுது."

சின்னவள் அவரைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடி வைத்தால் காற்றில் உடையும் என்று, லிஃப்டுக்குள் பதிக்கக் கொண்டுவந்ததில் மிச்சமிருந்த, முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்த எஃகுத் தகடு ஒன்றைப் பால்கனிக் கூரையின் வெளி விளிம்பில் இறுக்கித் திருகிவிட்டார்கள். சின்னவள் கட்டிலில் படுத்துக்கொண்டு, "இன்னும் சாய், இன்னும், போதும் போதும்" என்று கத்தினாள். பல் டாக்டர் ஸ்டூல் மேல் நின்று, வழக்கத்துக்கு விரோதமாகத் தானே வாயைத் திறந்துகொண்டு திருகினார். முதலில் பக்கத்துக் கட்டிடத்தில் காயும் துணிகள் தெரிந்தன. பிறகு சாலை. பிறகு, தகடு நிறைய, ஆறு.

"தெரியுது! ஆனா படகெல்லாம் தலைகீழாப் போகுதே."

"பழகிடும். எனக்குப் பல்லெல்லாம் அப்படித்தான் தெரியும்" என்றார் அவர்.

தகட்டின் மேல் ஒரு துணியைப் போர்த்தி, ஒரு கயிற்றைக் கட்டி வைத்தார்கள். அக்கா படுத்ததும், சுவரைப் பார்த்து முகம் சுருங்குவதற்குள் கயிற்றை இழுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. கல்யாண மண்டபத்து மேடை மாதிரி ஜோடனையாகத்தான் இருந்தது. ஆனாலும் சின்னவளுக்கு உள்ளூர உதறல். பொய்க்குப் பொட்டு வைத்துப் பூ வைத்தாலும் பொய் பொய்தானே.

குடிவந்த நாள் காலை, அக்கா சக்கர நாற்காலியில் தெருவிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து லிஃப்டுக்கு, ஒரு படிகூடத் தட்டாமல் உருண்டு வந்தாள். யாரும் தூக்கவில்லை. லிஃப்ட் மேலே போகப் போக, பூட்டிக் கிடந்த வாயும் திறந்துகொண்டது.

"பரவாயில்லையே, படகை விட ஒழுங்காப் போகுது. ஓட்டுறது யாரு?"

"யாரும் ஓட்டலக்கா."

"அதான் ஒழுங்காப் போகுது" என்றாள் அக்கா. பிசியோ சிரித்தாள். பல் டாக்டர்கூடப் பல் தெரியச் சிரித்தார்.

படுக்கையறை வாசலுக்கு வந்ததும் அந்தக் கலகலப்பு போன இடம் தெரியவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் கிடந்த துண்டின் ஓரத்தை முறுக்கினாள். சின்னவள் ஜன்னல், அலமாரி, மின்விசிறி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போக, அவள் நிமிராமலே "ம்", "ம்" என்றாள். பிசியோ பக்கத்தில் நிற்க, நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தானாகவே மாறி, கால்களைத் தூக்கி வைத்து, சாய்ந்தாள். கண்ணை மட்டும் இறுக மூடியிருந்தாள்.

"வலிக்குதாக்கா?"

"இல்ல."

அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றொன்றை. சுவரைப் பார்த்தாள். சுவருக்கு மேலே வெள்ளையாக ஒரு மேகம் சோம்பேறித்தனமாக நகர்ந்ததைப் பார்த்தாள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், எதையோ தேடுகிறவள் போலப் பார்த்தாள். அவளுடைய தோள் இரண்டும் மெல்லத் தளர்ந்து மெத்தையில் இறங்கின. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

சின்னவளுக்கு உயிர் போயிற்று. ஏமாற்றத்தில் அழுகிறாள்! வீட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவர் கயிற்றை இழுத்தார். துணி நழுவி விழுந்தது. அக்காவின் கண்ணுக்கு நேர் மேலே, பால்கனிக் கூரையில், வெயிலில் நெளிந்துகொண்டு ஆறு தொங்கியது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு படகு தலைகீழாகப் போனது.

"மூடு!"

அது அக்காவின் படகுக் குரல் இல்லை. சின்னவள் அதுவரை கேட்டிராத, தொண்டை கிழிந்த குரல்.

"மூடுங்க! மூடித் தொலைங்க! ஐயோ, மூடு!"

இரண்டு கையாலும் போர்வையைப் பற்றிக்கொண்டு, முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். பல் டாக்டர் ஸ்டூலைத் தேடக்கூடப் பொறுக்காமல் குதித்துக் குதித்துத் துணியைத் தகட்டின் மேல் எறிந்தார். பிசியோ ஓடிப்போய்த் திரையை இழுத்தாள். கெட்டியான திரை, நல்லவேளை. அறை இருண்டது. சின்னவள் அக்காவின் தலைமாட்டில் மண்டியிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல், அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அக்கா இப்படித்தான் தடவுவாள்.

பிசியோ, பல் டாக்டரின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். வெகுநேரம் கழித்து அக்கா தலையணையிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"அதே மாதிரி இருந்துச்சு, சின்னவளே."

"எது மாதிரிக்கா?"

"விழுந்தேன்ல, அன்னிக்கு. கீழ இருந்து பாத்தேன். தலைக்கு மேல தண்ணி, அதுக்கு மேல வெளிச்சம், படகோட வயிறு கறுப்பா என் மேல வந்து நிக்குது. இந்தப் பக்கம் போனா துறைச் சுவரு. அந்தப் பக்கம் போனா படகு. ஊருக்கெல்லாம் நீச்சல் சொல்லிக்குடுத்தவ, எனக்குக் கை காலே வரல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அன்னியில இருந்து எனக்கு ஆத்தைப் பாக்க முடியல. பயம். கண்ணை மூடினாலே வருது. பழைய வீட்டுல ஆத்துப் பக்க ஜன்னலைத் திறக்கிறதே இல்ல. நீ கவனிச்சிருக்க மாட்ட."

கவனித்திருந்தாள். மழைச் சாரலுக்காக மூடியிருக்கிறாள் என்று நினைத்திருந்தாள்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? படகு ஓட்டுறவ தண்ணியைப் பாத்துப் பயப்படுறான்னா? சிரிச்சிடுவாங்க. அதான் நானே முதல்ல சிரிச்சு வச்சேன்."

"அப்புறம் எதுக்கு இந்த வீட்டுக்கு சரின்னு சொன்ன? கண்ணு முழிச்சா ஆறுதான்னு நான் சொன்னேனே."

"நீ அந்தப் பேப்பரை விரிச்சுட்டு என்னையே பாத்த. முதல் மார்க் வாங்கிட்டு வந்து நிப்பியே, அதே மூஞ்சி. அந்த மூஞ்சியைப் பாத்து எப்படி வேணாம்னு சொல்றது? சரி, திரையைப் போட்டுட்டுக் கிடப்போம்னு நினைச்சேன். ஆனா உள்ளுக்குள்ள தினமும் செத்தேன். இப்பப் படுத்துக் கண்ணைத் திறந்தேன் பாரு, ஆறு இல்ல! வெறும் சுவரு, வானம். எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் தங்கச்சி எனக்குத் தெரியாம என் மனசைப் படிச்சுட்டா, வேணும்னே சுவரை எழுப்பியிருக்கான்னு நினைச்சேன். அதுக்குள்ள உன் வீட்டுக்காரரு ஆத்தைத் தூக்கிக் கூரையில மாட்டிட்டாரு."

இந்தப் பாராட்டை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு நொடி சின்னவளுக்கு அந்தச் சபலம் வந்தது. பிறகு மெக்கானிக் ஞாபகத்துக்கு வந்தான்.

"நான் படிக்கலக்கா" என்றாள். எல்லாவற்றையும் கொட்டினாள். கம்பி, காற்று, கம்பிக்காரர், நெட்டையண்ணன், அவர் கண்ணிலிருந்து போன சிவப்புக் கோடு, தான் கட்டிலில் படுத்துப் படுத்து எழுந்தது, பல் டாக்டரின் கண்ணாடி வைத்தியம். "படுத்தா தெரியாதுன்னு எனக்குத் தோணவே இல்ல. உன்னை ஏமாத்திட்டோமேன்னு இத்தனை நாளா சோறு இறங்கல. இது என் தப்பு."

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் வயிறு குலுங்கத் தொடங்கியது. சின்னவள் பயந்துபோய்ப் பார்த்தாள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். இடுப்பு வலிக்க, "ஐயோ, சிரிக்க வைக்காதடி" என்று சிரித்தாள்.

"நான் ஆறு தெரிஞ்சிடுமேன்னு தூங்கல. நீ தெரியாதேன்னு தூங்கல. ரெண்டு பேரும் ஒரே சுவரை வச்சுக்கிட்டு! நல்ல குடும்பம்டி இது."

"கோபம் இல்லையே?"

"நீ ஒரு பொய், நான் ஒரு பொய். கணக்கு தீந்துது. இந்தத் தப்பை மட்டும் நீ பண்ணாம இருந்திருந்தா, ரெண்டே நாள்ல நான் ஓடியிருப்பேன். ஓடத்தான் காலு இல்ல." அக்கா கையை நீட்டித் தங்கையின் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். "அந்த நெட்டையண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்னு சொல்லு."

மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது சின்னவளுக்கு. இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள், பிறகு பசிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். கதவைத் திறந்தால், பல் டாக்டர் வெளியே சுவரோடு ஒட்டி, சூடு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றாள் அக்கா. "இனிமே பல்லோட நிறுத்திக்குங்க."

அன்றே தகட்டைக் கழற்றினார்கள். பிசியோ அதை விடவில்லை. நடை பழகும்போது தன் கால் எப்படிப் போகிறது என்று அக்கா பார்க்க வேண்டும் என்று, கூடத்துச் சுவரில் நிறுத்திவிட்டாள். அலுவலகத்தில் சின்னவள் ஒரு புது உருவம் வரைந்தாள். கட்டிலில் சாய்ந்து படுத்திருக்கும் ஒரு பெண். அவளுக்கும் மூக்கு முழி கிடையாது, ஆனால் பார்த்தவுடனே எல்லாரும் 'பெரியக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த கட்டிடத்தில், படுத்திருப்பவருக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்று குடிவருபவர்களிடம் கேட்ட பிறகுதான் சின்னவள் கோடு இழுத்தாள். கம்பிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அது அவர் பாடு.

மழைக்காலம் மறுபடி வந்து, போய், வெயில் எட்டிப் பார்த்த ஒரு பிற்பகல், பிசியோ நாற்காலியைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். கூடத்தில் நிற்கப் பழகியாயிற்று, இனி வெளிக்காற்றில் நிற்கலாம் என்றாள். அக்கா மறுக்கவில்லை. உட்கார்ந்தால் அங்கேயும் சுவர்தான், வானம்தான். அதனால் அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. கம்பியாக இருந்திருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்தே படுத்திருக்க மாட்டாள்.

"சுவத்தை நல்லாப் பிடிங்க. அசையாது. மெதுவா..."

ஒரு பக்கம் பிசியோ, மறுபக்கம் சின்னவள். அக்கா சுவரின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். நெஞ்சு வரைக்கும் கான்கிரீட். கண் மூடியிருந்தது. காற்று அவள் நரைத்த முடியைக் கலைத்தது.

"வேணாம்னா உட்கார்ந்துடலாம்க்கா" என்றாள் சின்னவள், அவள் காதோடு.

"சும்மா இரு."

அக்கா கண்ணைத் திறந்தாள். பார்த்தாள். சுவரைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. ஆனாலும் பார்த்தாள். கீழே, எவ்வளவோ தூரத்தில், ஆறு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் ஓட்டிய படகை இப்போது வேறு யாரோ அக்கரையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

"திருப்புறான் பாரு, கிறுக்கன். இப்படியா வெட்டித் திருப்புறது? நீரோட்டத்தோட விட வேணாம்?" என்றாள் அக்கா. அடுத்த பால்கனிக்கும் அதற்கு அடுத்த பால்கனிக்கும் கேட்டிருக்கும்.

சின்னவள் அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாள் ஆகிவிட்டது! அக்காவின் இடுப்பைச் சுற்றிக் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"போதும், கால் கடுக்குது. உட்கார வை."

மெல்ல உட்கார வைத்தார்கள். சுவர் ஏறியது, ஆறு மறைந்தது, வானம் மட்டும் மிஞ்சியது. அக்கா நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு, கை எட்டும் தூரத்தில் இருந்த சுவரை, படகின் பக்கவாட்டைத் தட்டுவது போல இரண்டு தட்டு தட்டினாள்.

"நான் எழுந்தா வருது, உட்கார்ந்தா போயிடுது. இத்தனை வருஷத்துல இப்பதான் இந்த ஆறு என் பேச்சைக் கேக்குது" என்றாள். பிறகு டீ கேட்டாள்.